மடிக்குள் முதல் கை

அந்தப் பாம்புப் படத்தைச் சுருட்டாதீங்க சார், இன்னும் ஒரு தடவை விரிங்க. ஜன்னல் பக்கமாகப் பிடிங்க, வெளிச்சம் விழட்டும். ஆங். மூன்றாவதாகப் போட்டிருக்கீங்களே, மஞ்சளும் பழுப்புமாக, அது பாம்பே இல்லை. அஞ்சாலை. விலாங்குச் சாதி. அதற்குக் கீழே 'கடும் விஷம்' என்று எழுதிப் பட்டம் கட்டியிருக்கீங்க. எங்கள் ஊர் ஏலக்கொட்டகையில் காலையில் நீங்க இதே படத்தை ஒட்டும்போதே பார்த்தேன். மீன்காரப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது உங்களுக்குத் தெரியாது. இந்த மனிதரிடம் யாராவது சொல்லவேண்டுமே என்றுதான், பஸ்ஸில் அத்தனை சீட்டும் காலியாகக் கிடக்க, உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன்.

பாம்பு என்று எப்படித் தெரியும் என்கிறீங்களா? வாலைப் பாருங்க. தலையைப் பார்க்கிறவன் செத்தான். கடல்பாம்புக்கு வால் துடுப்பு மாதிரி தட்டையாக இருக்கும். கரைப்பாம்பு மழைவெள்ளத்தில் அடித்துவந்து வலையில் கிடந்தால் வால் எலிவாலாட்டம் கூராக முடியும். அஞ்சாலைக்குச் செதில் கிடையாது, பிடித்தால் எண்ணெயாக வழுக்கும், முதுகு நெடுக ஒரு சவ்வு ஓடும். பாம்பு கைக்குச் சொரசொரக்கும். கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்டது ஒன்று, உடம்பு பெருத்துத் தலை மட்டும் சுண்டுவிரலாக இருப்பது ஒன்று. இவை எல்லாம் ஆளைக் கண்டால் ஓடப் பார்க்கும். ஒரே ஒருத்தன் ஓடமாட்டான். சாம்பல் நிறம், மேல் உதடு கிளிமூக்கு மாதிரி கீழே வளைந்திருக்கும். வலைக்கடியன் என்போம். வலையைக் கடிப்பான், பக்கத்துப் பாம்பைக் கடிப்பான், ஒன்றும் அகப்படாவிட்டால் தன் வாலையே கடிப்பான்.

நான் பார்த்த பாம்பை நீங்க பார்த்திருந்தால் இந்தப் படத்தோடு ஊருக்கு வந்திருக்கமாட்டீங்க. ஒரு தை மாதம், வலை மடியில் ஒன்று மாட்டியது. வால் கரையில் கிடக்கிறது, தலை எதிர்த் தீவில் ஆடு பிடித்துத் தின்றுகொண்டிருக்கிறது. வடக்குக் கயிற்றுக்காரர்கள் தலைப்பக்கம், தெற்குக் கயிற்றுக்காரர்கள் வால்பக்கம், காலையிலிருந்து இழுத்து உச்சிப்பொழுதுக்கு அறுத்தோம். தோலை முறுக்கி மாதா கோயில் மணிக்குக் கயிறாகக் கட்டினோம். இரண்டு வருஷம் அடித்தது. அப்புறம் பங்குச்சாமி, மணி சீறுகிற மாதிரி கேட்கிறது என்று அவிழ்க்கச் சொல்லிவிட்டார். சிரிங்க, சிரிங்க. என் பெயரைப் பாம்புத் தொம்மை என்று கேட்டுப் பாருங்க, தொண்டி வரைக்கும் சொல்வார்கள்.

கயிறு என்றேனே, அது என்ன என்று தெரியவேண்டும் அல்லவா. எங்களுடையது கரைவலை. படகு வலையை அரை வட்டமாகக் கடலில் விட்டு வரும். இரண்டு முனையிலும் கயிறு. கரையில் வடக்கே பதினைந்து பேர், தெற்கே பதினைந்து பேர், இடுப்பில் பட்டை மாட்டி இழுப்போம். கடைசியில் மீன் எல்லாம் நடுப்பையில் சேர்ந்து கரையேறும். அந்தப் பைதான் மடி. மடி கரையேறினதும் ஒரு பயல் கை வைக்கக்கூடாது. ஒருத்தன் மட்டும் குனிந்து, பாம்பைப் பொறுக்கிக் கடலில் எறிந்துவிட்டு, நிமிர்ந்து நின்று, 'சுத்தம்!' என்று ஊர் கேட்கச் சொல்லவேண்டும். அந்த வார்த்தை விழுந்தபிறகுதான் மற்றவன் கை உள்ளே போகும். இருபத்தெட்டு வருஷம் அந்த வார்த்தை என் வாயிலிருந்துதான் விழுந்தது.

எறியவேண்டும் என்பதுதான் வழக்கம். நான் எறியமாட்டேன். வாலைப் பிடித்துத் தூக்கி, தலைக்குமேலே இரண்டு சுற்று, மூன்றாவது சுற்றில் சாட்டையாட்டம் ஒரு சொடுக்கு. முருங்கைக்காயை ஒடித்த மாதிரி 'நறுக்' என்று கேட்கும். அப்புறம் அது கயிறுதான். ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு. மணலில் வரிசையாகப் போட்டு, தலைகளை உருளைக்கட்டையால் நசுக்கிக்கொண்டே போவேன். பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அது பயமில்லை சார், மரியாதை.

எனக்கு ஒரு மச்சினன் இருந்தான். இஞ்ஞாசி. என் வீட்டுக்காரி சலேத்தம்மாளுக்குக் கடைசித் தம்பி. தெற்குக் கயிற்றில் முதல் ஆள். நல்லவன்தான், குறை சொல்லமாட்டேன். ஆனால் வாய் இருக்கிறதே, அதற்கு ஒரு பூட்டு வேண்டும். "எதுக்கு மச்சான் அடிச்சுக் கொல்றீக? அதும் நம்மளாட்டம் மீன் பிடிக்க வந்த சீவன்தானே"ம்பான். எல்லார் முன்னாலும் சொல்வான். சிரித்துக்கொண்டே சொல்வான். அதுதான் எரியும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி முடிந்து வாடைக்காற்று இறங்கின நேரம். வாடைக்கு எங்கள் பக்கத்துக் கடல் விளக்கெண்ணெயாட்டம் அசையாமல் கிடக்கும். மீனும் கரைக்கு வரும், பாம்பும் வரும். ஒருநாள் நான் பொறுக்கி முடித்து 'சுத்தம்' சொல்லிவிட்டேன். இஞ்ஞாசி கூடையோடு குனிந்தவன், அப்படியே நின்று, ஒரு குச்சியால் எதையோ தூக்கிக் காட்டினான். பட்டைப்பாம்பு. சின்னது.

"மச்சான், ஒங்க சொந்தக்காரவுக ஒருத்தவுக இங்கன படுத்திருக்காக. விட்டுட்டுப் போறீகளே!"

முப்பது பேரும் சிரித்தார்கள். கூடையோடு நின்ற பெண்கள் சிரித்தார்கள். சலேத்தும் சிரித்தாள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. வலைக்கு உடையவர் கயித்தான் சம்மாட்டி, அவர் மட்டும் சிரிக்கவில்லை. "தொம்மை, கண்ணு மங்கிருச்சுன்னா சொல்லிருப்பா. இன்னொரு தரம் தப்புச்சுன்னா இனிமே இஞ்ஞாசி பாக்கட்டும்" என்றார்.

இதைக் கேளுங்க சார். இருபத்தெட்டு வருஷம். ஒரு பொடிப் பாம்புக்காக.

அடுத்த வாரம் நடந்ததுதான் எல்லோரும் மாற்றி மாற்றிச் சொல்கிற கதை. நடந்தது நடந்தபடி நான் ஒருத்தன்தான் சொல்வேன். அன்றைக்கு மடி கரையேறினபோது உள்ளே பாதிக்குமேல் சொறி. சொறி தெரியுமா, நீங்க ஜெல்லி மீன் என்பீங்களே? நுங்கு மாதிரி, குடை மாதிரி மிதக்குமே, பட்டால் அரிக்கும். மீன் எது, சொறி எது என்று தெரியாமல் கொழகொழவென்று கிடக்கிறது. நான் ஏழு பாம்பு எடுத்தேன். ஏழையும் சொடுக்கினேன். இன்னும் கிண்டியிருக்கலாம். ஆனால் பின்னாலே இஞ்ஞாசி நிற்கிறான், நான் ஒவ்வொரு தரம் குனியும்போதும் "பாத்து மச்சான், மெதுவா மச்சான், கண்ணாடி கொண்டாரவா?" என்கிறான். வடக்குக் கயிறே இளிக்கிறது. நிமிர்ந்தேன். "சுத்தம்!" என்றேன்.

அவன் உடனே கையை உள்ளே விடவில்லை. "நல்லாப் பாத்தீகளா?" என்றான்.

"ஏன், பயமா? பொம்பளைக்குப் பின்னால ஒளிஞ்சுக்க. ஒம் பொண்டாட்டி பிரகாசிய வந்து கைய விடச் சொல்லு" என்றேன்.

அதற்கப்புறம் எந்த ஆண்பிள்ளை சும்மா நிற்பான்? முழங்கை வரைக்கும் விட்டான். விட்டவன், "ஏதோ ஒரசுச்சு" என்று வெளியே எடுத்துப் பார்த்தான். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே இரண்டு புள்ளி. ஊசி குத்தின மாதிரி. ஒரு சொட்டு ரத்தம்.

"வலிக்குதா?" என்று கேட்டேன்.

"இல்ல மச்சான். வலியே இல்ல."

"அப்பக் கெளுத்தி முள்ளு" என்றேன். பாம்பு கடித்தால் வலிக்கவேண்டும் அல்லவா? தேள் கொட்டினால் வலிக்கிறது, பூரான் கடித்தால் வலிக்கிறது. அவ்வளவு விஷமுள்ள பாம்பு கடித்து வலிக்காமல் இருக்குமா? நியாயத்தைச் சொல்லுங்க.

எல்லோரும் அவன் கையைச் சுற்றி மொய்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சும்மா ஒரு தரம் சொறியை விலக்கினேன். அடியில் சாம்பல் நிறமாக ஒன்று. ஒன்றரை முழம்தான் இருக்கும். கிளிமூக்கு. வலைக்கடியன். குதிகாலால் அதன் கழுத்தை மணலில் அழுத்தி, வலையின் மிதவைக்கட்டையை எடுத்துத் தலையில் நாலு போட்டேன். மூன்று அடிக்கும் என் கணுக்காலைச் சுற்றி இறுக்கினது, நாலாவது அடியில்தான் விட்டது. செத்த பாம்புதான் சார் அது. மடியில் வரும்போதே செத்து வந்தது. செத்த பாம்பு கணக்கில் சேராது, அதைச் சொல்லவேண்டிய அவசியமும் இல்லை.

எங்கே போடுவது? கடலில் எறிந்தால் முப்பது சோடிக் கண். உடம்பில் சட்டை இல்லை. தோளில் கிடந்த துண்டில் அதைச் சுற்றினேன், துண்டைத் தலையில் சுற்றினேன். தலைப்பா ஆயிற்று.

இஞ்ஞாசிக்கு நேர் மூத்தவன் ராயப்பன். எருமைக்கடா. அவன் தம்பியின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது பாம்புதான். வண்டி பிடிங்கப்பா, டவுனுக்குக் கொண்டுபோவோம்" என்றான்.

"சுத்தம்னு சொல்லிட்டேன். அதுக்குமேல இங்க பாம்பு கெடையாது" என்றேன்.

"ஒன் சுத்தத்தத் தூக்கி ஒடப்புல போடு!"

அதற்கு மேல் பேச்சு என்ன? நான்தான் முதலில் அடித்தேன், ஒளிக்கமாட்டேன். மிதவைக்கட்டை கையிலேயே இருந்தது. வாயோடு சேர்த்து ஒன்று. இரண்டு பல் மணலில் விழுந்தது, சோழி மாதிரி. தெற்குக் கயிறு அவன் பக்கம், வடக்குக் கயிறு என் பக்கம். என்ன பகை எவனுக்கு இருந்ததோ, எல்லாவற்றையும் அன்றைக்கே தீர்த்துக்கொண்டார்கள். படகு உருட்டுகிற கட்டை, நங்கூரக் கயிறு, கூடை, ஐஸ் உடைக்கிற ஊசி, கைக்கு வந்ததெல்லாம் ஆயுதம். ஒருத்தன் காது தொங்கினது. ஒருத்தனை இரண்டு பேர் பிடித்து அலையில் முக்கி முக்கி எடுத்தார்கள். ஒருத்தன் முழங்கை பின்பக்கமாக மடங்கினதை நானே பார்த்தேன். பிடித்த மீன் முழுக்க மிதிபட்டுக் கூழாகிக் கிடக்க, காக்கைக்குக் கலியாண விருந்து. ராயப்பன் வாயெல்லாம் ரத்தமாகப் படகுத் துடுப்பை எடுத்துவந்து என் உச்சந்தலையில் இறக்கினான் பாருங்க, வேறு ஒருத்தனாக இருந்தால் மண்டை சிதறியிருக்கும். எனக்குத்தான் உள்ளே மெத்தை இருந்ததே! ஒன்றும் ஆகவில்லை. துடுப்புதான் முறிந்தது. திருப்பி அவன் விலாவில் கொடுத்தேன். இன்றைக்கும் இருமினால் பிடித்துக்கொள்கிறான்.

இஞ்ஞாசிதான் நடுவில் விழுந்து விலக்கினான். இந்தப் பக்கம் ஒருத்தனைத் தள்ளுவான், அந்தப் பக்கம் ஒருத்தனைக் கட்டிப் பிடிப்பான். "எனக்கு ஒண்ணும் இல்ல, விடுங்கப்பா, நான் நல்லாத்தான் இருக்கேன்!" என்று கத்தினான். பாம்பு கடித்தவன் அரைமணி நேரம் அப்படி ஓடியாடி விலக்குவானா? அதையும் யோசிங்க.

விலக்கிவிட்டு வந்து படகு நிழலில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து, "மச்சான், கழுத்து திரும்ப மாட்டேங்குது" என்றான்.

"எவனோ அடிச்சிருப்பான்" என்றேன்.

அப்புறம் தொடை கடுக்கிறது என்றான். தோள் கடுக்கிறது என்றான். கை, கால், நாக்குக்கூடத் தடிக்கிறது என்றான். பிரகாசி சோறு கொண்டுவந்தாள், அவனால் வாயை ஒரு விரல் அளவுக்குமேல் திறக்க முடியவில்லை. படகுக்குப் பின்னால் போய் ஒன்றுக்கு இருந்தவன், குனிந்து மணலையே பார்த்துக்கொண்டு நின்றான். பிரகாசி போய்ப் பார்த்துவிட்டு அலறினாள். மணலில் கறுப்பாக, செம்மண் கலந்த மாதிரி கிடந்தது.

"கடுங்காப்பி குடிச்சா அப்படித்தான் போகும்" என்றேன். ஒருத்தனும் சிரிக்கவில்லை. சிரிப்பதற்காகத்தான் சொன்னேன்.

மீன் ஏற்றுகிற வேனில் அவனைப் படுக்கவைத்தார்கள். நானும் ஏறினேன். ராயப்பன் இறக்கிவிடப் பார்த்தான். ஆனால் இஞ்ஞாசியே பல்லைக் கடித்துக்கொண்டு, "மச்சான் வரட்டும்" என்றான். பார்த்தீங்களா? அவனுக்கு என் மேல் மனத்தாங்கல் இல்லை. பிரகாசியும் சலேத்தும் முன்னால் டிரைவர் பக்கத்தில். ராயப்பன் எங்கள் காலடியில் வாயைத் துணியால் அடைத்துக்கொண்டு வந்தவன், கொஞ்ச தூரத்திலேயே மயங்கிக் கிடக்கிறான். பின்னால் பேசக்கூடியவர்கள் நானும் இஞ்ஞாசியும்தான். வேன் குலுங்கும்போதெல்லாம் அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிகிறது, துடைக்கக் கை தூக்க முடியவில்லை. துடைத்துவிட்டேன்.

"மச்சான்" என்றான். உதடு அசையவில்லை, பல்லுக்கு உள்ளேயிருந்து வருகிறது. "நெசத்தச் சொல்லுங்க. பாம்புதானே? பாம்புன்னா வண்டிய நிறுத்தச் சொல்லுங்க. பிரகாசி கிட்ட ரெண்டு வார்த்த பேசணும். வாயி பூட்டிக்கிட்டே வருது."

என் தலைப்பாவுக்குள் வெயிலுக்கு அது நெகிழ்ந்து, ஈரம் காதோரம் இறங்குகிறது. நான் சொன்னேன், "பாம்பு இல்லடா. நாளைக்குக் காலைல நீ கயிறு இழுப்பே. பேசாமப் படு."

படுத்துவிட்டான். என் சொல்லை அவன் தட்டினதே கிடையாது. அதற்கப்புறம் அவன் வாய் திறக்கவே இல்லை. தைரியம் சொன்னேன் சார். நோயாளிக்குத் தைரியம்தானே முதல் மருந்து?

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. சின்ன வயசு. கையைப் பார்த்தது, மூத்திரத்தைப் பார்த்தது, கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தது. "என்ன கடிச்சது? யாராவது பாத்தீங்களா?" என்று கேட்டது. எல்லாக் கண்ணும் என் மேல். படுக்கையில் கிடந்தவன் கண்ணும்.

"கெளுத்தி முள்ளும்மா" என்றேன்.

"கெளுத்தி குத்தினா ஆளு துடிச்சிருப்பாரே. துடிச்சாரா?"

"இல்ல."

"கடல்பாம்பு கடிச்சா வலி இருக்காது பெரியவரே. கடிச்சதே தெரியாது. அப்புறம்தான் ஒவ்வொண்ணா வரும்."

நீங்க படித்த பாம்பு வேறு, எங்கள் கடலில் உள்ள பாம்பு வேறு என்றேன். டாக்டரம்மா மறுபடி அவன் கையைத் தூக்கிப் பார்த்தது. சலேத்துதான் என்னைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை, தலையைப் பார்த்தாள். துண்டின் மடிப்பிலிருந்து ஓரமாக வால் கொஞ்சம் நழுவியிருக்கிறது. தட்டையாக. துடுப்பு மாதிரி. வாலைப் பார் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான், கலியாணம் ஆன புதிதில்.

துண்டை அவிழ்த்து அதை டாக்டரம்மா காலடியில் போட்டது நானாகத்தான். சலேத்து எட்டிப் பிடுங்கினாள் என்று சொல்வார்கள், நம்பாதீங்க. பிடுங்கினாள்தான், ஆனால் நான் கொடுக்க நினைத்த நேரத்தில் பிடுங்கினாள். வலைக்கடியன் வழுக்குத் தரையில் சத்தென்று விழுந்தது. தலை நைந்து கிடந்தாலும் அந்தக் கிளிமூக்கு தெரிந்தது. சலேத்து அதை வாலைப் பிடித்துத் தூக்கினாள். முப்பது வருஷம் பாம்பைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டவள். என் முகத்தில் அடித்தாள். இடது கன்னம், வலது கன்னம், கண், வாய். நான் கீழே விழுந்தபிறகும் அடித்தாள். அது இரண்டு துண்டாகிறவரைக்கும் அடித்தாள். ஆஸ்பத்திரி சனம் முழுக்கப் பார்த்தது, ஒருத்தர் தடுக்கவில்லை. இந்தப் பல் அப்போது போனதுதான். சுறா அடித்தது என்று வெளியூர்க்காரர்களிடம் சொல்வேன். உங்களிடம் எதற்குப் பொய்?

இங்கே இதற்கு மருந்து கிடையாது, மெஷினில் ரத்தம் கழுவவேண்டும், மதுரைக்குக் கொண்டுபோங்கள் என்று டாக்டரம்மா சொன்னது. "காலைலயே பாம்புன்னு தெரிஞ்சிருந்தா இந்நேரம் மதுரைல இருந்திருப்பாரு" என்றும் சொன்னது. அதை ஏன் சொல்லவேண்டும்? வீட்டுப் பெண்கள் காதில் விழுகிற மாதிரி அதை ஏன் சொல்லவேண்டும்? அந்த ஒரு வார்த்தைதான் சார் என்னைக் கெடுத்தது. ஆம்புலன்ஸ் பரமக்குடியைத் தாண்டவில்லை. கடைசிவரைக்கும் பிரகாசி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு போனாளாம். கண் மட்டும் அசைந்துகொண்டே இருந்ததாம், என்னவோ சொல்ல வருகிற மாதிரி. அவள் "என்ன, என்ன" என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் கோயில் முற்றத்தில் ஊர்க் கமிட்டி. என்னை வேப்பமரத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள், ஒரு கை மட்டும் வெளியே. ராயப்பன் மீன் வெட்டுகிற கத்தியோடு நின்றான். அந்தக் கையை மணிக்கட்டோடு எடுத்துவிடவேண்டும் என்பது அவன் கட்சி. ஊரை விட்டு விரட்டவேண்டும் என்பது சிலர் கட்சி. பங்குச்சாமி போலீசுக்குப் போங்கள் என்றார், அதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. கல் இரண்டு மூன்று வந்து விழுந்தது. நெற்றியில் பாருங்க, இந்தத் தழும்பு. நான் ஒன்றுதான் சொன்னேன். "செத்த பாம்பு. செத்த பாம்பு கடிக்காது." சொல்லச் சொல்லக் கல் கூடினது.

அப்போதுதான் பிரகாசி எழுந்தாள். அதுவரைக்கும் அழுகைகூட இல்லை அவளிடம்.

"வெட்ட வேணாம்" என்றாள். "அந்தக் கை இருக்கட்டும். தெனமும் மடி கரையேறுனதும் அது முதல்ல உள்ள போகணும். குச்சி கூடாது, உறை கூடாது. தோள் வரைக்கும், அடியத் தொடுற வரைக்கும். அதுக்குப் பெறகுதான் மத்தவுக கை. நான் வந்து உக்காந்து பாக்கணும். எனக்கு வேற எதுவும் வேணாம்."

கமிட்டிக்காரர்கள் தலையைச் சேர்த்துக் குசுகுசுத்தார்கள். அப்புறம் கயித்தான் சம்மாட்டியே தலையை ஆட்டினார். கட்டை அவிழ்த்தார்கள்.

பார்த்தீங்களா சார், ஊர் என்றால் அதுதான். என்ன திட்டினாலும், என்ன அடித்தாலும், தொம்மை கை இல்லாமல் மடி இல்லை. முன்னே 'சுத்தம்' சொல்கிற வாய் மட்டும்தான் என்னுடையது. இப்போது முதல் கையே என்னுடையது. மூன்று வருஷமாக வேறொருத்தனுக்கு அந்த உரிமை கிடையாது. மீன்துறையிலிருந்து ஒரு தரம் ரப்பர் உறை கொண்டுவந்து கொடுத்தார்கள், பிரகாசி அதை அடுப்பில் போட்டுவிட்டாள். அவ்வளவு கவனம்.

சலேத்து இப்போது பிரகாசி வீட்டில்தான் இருக்கிறாள். தம்பி பெண்டாட்டிக்குத் துணை வேண்டும் அல்லவா. டவுனில் கட்டிக்கொடுத்த என் மகள் வீட்டுப்படி மிதிக்காதே என்று சொல்லிவிட்டாள். சின்னப் பெண், கோபம்.

பிரகாசி ஒரு நாள் தவறினதில்லை. காற்றோ மழையோ, மடிக்கு நேரே வந்து மணலில் உட்காருவாள். நான் மண்டியிட்டுக் கையை விடுவேன். சொறி வழுக்கும், நண்டு கிள்ளும், முள் கீறும். ஒவ்வொரு விரலாக உள்ளே போகிறதை அவள் பார்ப்பாள். அடியைத் தொட்டு, கையை வெளியே எடுத்து, முன்னும் பின்னும் திருப்பி அவளுக்குக் காட்டவேண்டும். பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவாள். ஒரு வார்த்தை பேசினது கிடையாது. மூன்று வருஷம் சார். கோயிலில்கூட அவ்வளவு கண்கொட்டாமல் அவள் சுரூபத்தைப் பார்த்திருக்கமாட்டாள்.

இன்றைக்குப் பேசினாள்! அதைச் சொல்லத்தான் இத்தனை சுற்று. காலையில் நீங்க கொட்டகையில் படம் ஒட்டிக்கொண்டிருந்த நேரம்தான். மடி முழுக்கச் சொறி. கையை விட்டேன். தோள் வரைக்கும் விட்டேன். அடியைத் தொடும்போது ஏதோ லேசாக உரசின மாதிரி. வெளியே எடுத்தேன். இதோ பாருங்க, இங்கே, மணிக்கட்டுக்குக் கொஞ்சம் கீழே. கெளுத்திதான். வழக்கம்போலத் திருப்பிக் காட்டினேன். பிரகாசி கையைப் பார்த்தாள். எழுந்து கிட்டே வந்தாள். குனிந்து பார்த்தாள்.

"வலிக்குதாண்ணே?" என்றாள்.

அண்ணே என்றாள் சார். மூன்று வருஷத்துக்கு அப்புறம்.

"இல்லம்மா, வலியே இல்ல" என்றேன்.

அவள் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, "அப்பக் கெளுத்தி முள்ளுதான். ஒங்க மகள் வீட்டுக்குப் போய்ட்டு வாங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க, சேத்துக்குவா" என்றாள். சேலையில் ஒட்டின மணலைத் தட்டிவிட்டாள். மற்றவர்களிடம், "நாளையிலருந்து நான் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். வாசலில் நின்ற சலேத்துவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள், இரண்டு பேரும் அழுதார்கள். தூரத்திலிருந்து பார்த்தேன். அழுதால் மனசு இளகிவிட்டது என்றுதானே அர்த்தம்? அதுதான் அடுத்த பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டேன். மகள் கதவைத் திறந்ததும் முதலில் இதைத்தான் சொல்லப்போகிறேன், உன் அத்தை மன்னித்துவிட்டாள் என்று.

டவுன் ஆர்ச்சு வந்துவிட்டதா, நீங்களே எட்டிப் பார்த்துச் சொல்லுங்க. எனக்குக் கழுத்து அந்தப் பக்கம் திரும்ப மாட்டேன் என்கிறது. இந்த பஸ் குலுக்குகிற குலுக்கலில் தொடையும் கடுக்கிறது. வாய்கூட, இவ்வளவு நேரம் பேசியதில், இறுகிக்கொண்டு வருகிறது.

ஏன் சார் எழுந்துவிட்டீங்க? எதற்கு டிரைவரைக் கூப்பிடுறீங்க? ஆஸ்பத்திரி வேண்டாம், மகள் வீட்டு நிறுத்தம் அடுத்ததுதான். கையை விடுங்க. எல்லோரும் பார்க்கிறார்கள், உட்காருங்க. இத்தனை நேரம் என்ன கேட்டீங்க? வலிக்கவே இல்லை என்கிறேன்.